குதிரை ஓடாத ரேஸ் கோர்ஸ்

மதுரையில் வைகையின் வடகரையில், தல்லாகுளத்தை அடுத்துள்ள எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கை ஊரார் இன்றும் ரேஸ் கோர்ஸ் என்றே சொல்கிறார்கள். பக்கத்துச் சாலைக்கும் குடியிருப்புக்கும் அதே பெயர்தான். பந்தயக் குதிரைகள் இருந்த இடத்தைத் தடகளமும் ஹாக்கியும் எடுத்துக்கொண்டு வெகுகாலமாகிறது. தல்லாகுளம் இன்று காத்திருந்து வரவேற்கும் குதிரை, சித்திரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்க ஏறிவரும் தங்கக் குதிரை வாகனம்தான்.

குதிரைப் பந்தயம் நுழைவுச்சீட்டு விற்றுப் பிழைப்பதில்லை. ஓர் ஓட்டத்துக்குக் கட்டப்படும் பணம் டோட் எனப்படும் பொதுத்தொகுப்பில் மொத்தமாகச் சேரும். அரசின் வரியும் கிளப்பின் பங்கும் போக மிச்சம் ஜெயித்தவர்களுக்கு. பரிசுத்தொகை அந்தப் பங்கை நம்பியே இருக்கிறது. கட்டும் பணம் வேறு சூதாட்டத்துக்குப் போய்விட்டால் மைதானம் படுத்துவிடும்.

அமெரிக்காவில் நடந்தது அதுதான். அங்கே 1990களிலிருந்து மேற்கு வர்ஜீனியா, டெலவேர் போன்ற மாநிலங்கள் பந்தய மைதானத்திலேயே சூதாட்ட இயந்திரங்களை வைத்து, வருமானத்தில் ஒரு பகுதியைப் பரிசுத்தொகைக்குத் திருப்பின. பரிசு உயர்ந்தது, குதிரைகளும் வந்தன. ஆனால் கூட்டம் இயந்திரத்துக்கு வந்ததே தவிர ஓட்டத்துக்கு வரவில்லை. இரவல் பணத்தை நிறுத்தவும் முடியும்: நியூஜெர்சியில் பரிசுத்தொகைக்குக் கேசினோக்கள் தந்த உதவி 2011இல் நின்றது. சிகாகோவின் ஆர்லிங்டன் மைதானம் 2021இல் மூடப்பட்டது. அதன் உரிமையாளரான சர்ச்சில் டவுன்ஸ் நிறுவனம், அங்கே கேசினோ நடத்தக் கிடைத்த வாய்ப்பையே வேண்டாமென்று விட்டிருந்தது.

தமிழ்நாட்டில் கேசினோ பணத்தை நாடும் இந்த வழி திறக்கவே இல்லை. 1974இல் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1986இல் சென்னை ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளும் சட்டம் வந்தது. இவற்றை எதிர்த்த கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் பந்தயத்தைக் காப்பாற்றியது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் திறன் ஆகியவற்றை எடைபோட்டுக் கட்டுவதால் இது திறமை விளையாட்டு, அதிர்ஷ்டச் சூது அல்ல என்பதே தீர்ப்பின் அடிப்படை. சக்கரமும் இயந்திரமும் சுழலும் கேசினோவோ வெறும் அதிர்ஷ்டம். அதன் பணத்தைப் பந்தயம் நாடியிருந்தால், தன்னைக் காத்த வாதத்தையே அது வலுவிழக்கச் செய்திருக்கும்.

ஆனால் வரி இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. 2023 அக்டோபர் முதல் கட்டிய தொகை முழுவதற்கும் கேசினோ, குதிரைப் பந்தயம் இரண்டுக்கும் ஒரே 28 விழுக்காடு ஜிஎஸ்டி. 2025 செப்டம்பரில் அது 40 ஆனது.

நிலமும் சென்னை ரேஸ் கிளப்புக்குச் சொந்தமில்லை. கிண்டி மைதானத்தின் சுமார் 160 ஏக்கர், ஆண்டுக்கு 614 ரூபாய் வாடகையில் 1946இல் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தரப்பட்டது. கிளப் நடத்திவந்த ஊட்டி மைதானத்தை வாடகை பாக்கிக்காக 2024 ஜூனில் வருவாய்த்துறை மீட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டிக் குத்தகையை ரத்து செய்து அரசு சீல் வைத்தது. அதில் 118 ஏக்கர் பசுமைப் பூங்காவுக்காகத் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது.