காலரா, குடிநீர், ஒரு கூடுதல் கேள்வி

நான் சீனியர் அனலிட்டிக்ஸ் எஞ்சினியர். பல இடத்துலேர்ந்து வர்ற தரவை ஒழுங்குபடுத்தி, ஃபைனான்ஸ்ல இருக்கிறவங்க நம்பி முடிவெடுக்கிற மாதிரி அட்டவணைகளா மாத்திக் கொடுக்கிறது என் வேலை. மீட்டிங்கில் பாதி நேரம் "கஸ்டமர்னா யாரு?"ங்கிற சண்டையிலேயே போயிடும். பொருள் வாங்கினவரா, கணக்கு மட்டும் திறந்தவரா? இந்தச் சண்டை கம்ப்யூட்டரைவிடப் பழசு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837-லேர்ந்து மரணங்களை அரசே பதிவு செய்ய ஆரம்பித்தது. இரண்டு வருஷம் கழித்து, வில்லியம் ஃபார் என்ற மருத்துவர் லண்டன் பொதுப் பதிவாளர் அலுவலகத்தில் சேர்ந்தார். வந்த பதிவுகளில் ஒரே நோய்க்கு நாலு பேரு, ஒரே பேருக்குள்ள நாலு நோய். அப்படியே கூட்டினா என்ன விடை வரும்? ஃபார் நோய்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் போட்டார். உலக சுகாதார நிறுவனம் இன்றைக்கு வைத்திருக்கிற நோய் வகைப்பாடு அந்த வழியில் வந்ததுதான்.

ஆனா எனக்குப் பிடிச்சது காலரா கதை. கெட்ட காற்றுதான் காரணம்னு ஃபார் நம்பினார். 1848-49 மரணங்களை, தேம்ஸ் மட்டத்திலிருந்து ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு உயரம்னு வைத்துப் பார்த்தார். தாழ்வான இடத்தில் சாவு அதிகம். கணக்கு அவ்வளவு அழகாப் பொருந்தியது. நானா இருந்தா டாஷ்போர்டை அன்றைக்கே அனுப்பிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஜான் ஸ்னோ தண்ணீர்தான் காரணம்னார். தெற்கு லண்டனில் ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் ஓடின. அதனால் பகுதிவாரிக் கூட்டல் எதையும் காட்டாது. எங்க தொழிலில் இதை 'கிரெய்ன்' என்போம்: அட்டவணையின் ஒரு வரி எதைக் குறிக்குது? பகுதியையா, வீட்டையா? 1854-இல் ஸ்னோ வீடு வீடாக விசாரித்தார். 10,000 வீட்டுக்கு சவுத்வார்க்-வாக்ஸால் கம்பெனியில் 315 மரணம், லாம்பெத் கம்பெனியில் 37.

ஃபார் அப்பவும் முழுசா ஒத்துக்கலை. ஆனாலும், காலராவில் இறந்தவர் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வந்ததுன்னு கேட்டு எழுதச் சொல்லிப் பதிவாளர்களுக்கு உத்தரவு போட்டார். தன் கொள்கையையே கவிழ்க்கக்கூடிய கேள்வியைத் தானே படிவத்தில் சேர்த்தார். நம்பகமான மாடல்னு நான் சொல்றது இதைத்தான்.

1866-இல் கிழக்கு லண்டனில் காலரா திரும்ப வந்து 5,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஸ்னோ 1858-லேயே இறந்துட்டார். இந்தத் தடவை ஃபார் முதலில் பார்த்தது தண்ணீரை. கணக்கு ஒரே கம்பெனியைக் காட்டியது. ஒரு சொட்டுகூட வடிகட்டாமல் விடலைன்னு கம்பெனி சாதித்தது. விசாரணைக்குப் போனவர்களிடம் அங்கிருந்த வாடிக்கையாளர்கள் சொன்னது: எங்க குழாயில் விலாங்கு மீன் வந்தது.