இரும்பா, அலுமினியமா, கார்பனா?

பிரெஞ்சில் 'காத்ர்' என்று ஒரு சொல் உண்டு. சைக்கிளின் ஃபிரேமுக்கும் அதுதான் பெயர், ஒரு நிறுவனத்தின் மேல்நிலை அதிகாரிக்கும் அதுதான் பெயர். முப்பது வருடங்களுக்கு மேல் அரசு அலுவலகக் கோப்புகளில் 'கேடர், கேடர்' என்று எழுதித் தீர்த்தவன் நான். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லை முதலில் படித்ததோ ஒரு சைக்கிள் படத்துக்குக் கீழே. இன்று எழுதப்போவது அந்தச் சைக்கிள் காத்ரைப் பற்றி.

காரணம், லியோன் நகரில் வேலை பார்க்கும் என் பேரன். சரளைப் பாதையில் ஓட்டுவதற்கென்றே இப்போது 'கிராவல் சைக்கிள்' என்று வருகிறதாம். அதை வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறான். அவனுக்கு இடுப்பு வலி வேறு. "கார்பன் ஃபிரேம் குலுக்கலை உள்வாங்கிக்கொள்ளும், இடுப்புக்கு நல்லது என்கிறார்கள். ஆனால் அலுமினியத்தைப் போல இரண்டு மடங்கு விலை. என்ன செய்யட்டும் தாத்தா?" என்று கேட்டான். நான் பொறியாளன் அல்ல. ஆனாலும் இந்தக் கேள்விக்குச் சரித்திரமே ஒரு பதில் வைத்திருக்கிறது.

1860-களில் பாரிஸில் மிஷோ பட்டறை செய்த மிதிவண்டிக்கு இரும்புச் சட்டம், மரச் சக்கரம், சக்கரத்தின் மேல் இரும்புப் பட்டை. கல் பாவிய தெருவில் அது ஓடிய அழகைப் பார்த்து ஆங்கிலேயர்கள் அதற்கு 'எலும்பு உலுக்கி' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அந்த உலுக்கலைத் தீர்த்தது ஃபிரேம் அல்ல. 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் கொண்டுவந்த காற்றடைத்த டயர்தான் தீர்த்தது. 1891-இல் மிஷ்லேன் சகோதரர்கள் எளிதாகக் கழற்றி மாட்டும் டயரைச் செய்தார்கள். அதே வருடம் ஷார்ல் தெரோன் அந்த டயரில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பி, சுமார் 1,200 கிலோமீட்டரை மூன்று நாளுக்குள் முடித்துப் பந்தயத்தை வென்றார்.

லியோனுக்குப் பக்கத்தில் சேன்-எத்தியேன் என்ற ஊர். அங்கே 'வெலோசியோ' என்ற புனைபெயரில் போல் தெ விவி (1853–1930) என்பவர் சைக்கிள் பத்திரிகை நடத்தினார். மலைப் பாதைகளில் நாள் கணக்கில் ஓட்டியவர் அவர். குறைந்த காற்றில் ஓடும் அகன்ற டயருக்காக வாதாடினார். பந்தயக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டயரை மேலும் மேலும் ஒல்லியாக்கிக்கொண்டே போனார்கள்.

ஃபிரேமின் கதை தனியாக நடந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் நிறுவனம், முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் குழாய்க்கு 1897-இல் காப்புரிமை பெற்றது. 1935-இல் அவர்களுடைய '531' எஃகுக் குழாய் வந்தது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு நல்ல சைக்கிள் என்றால் நல்ல எஃகு என்றே பொருள்.

அலுமினியத்தின் எடை எஃகில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் அதே மூன்றில் ஒரு பங்குதான். டைட்டானியம் இரண்டுக்கும் நடுவில். ஆனால் குழாயின் விட்டத்தைக் கொஞ்சம் கூட்டினாலே விறைப்பு பல மடங்கு ஏறிவிடும். இங்கேதான் வேடிக்கை. பிரான்சின் வித்தூஸ் 979 என்ற அலுமினிய ஃபிரேம், எஃகு சைக்கிளைப் போலவே ஒல்லிக் குழாய்களைப் பசையால் ஒட்டிச் செய்தது. ஷான் கெல்லி போன்ற பெரிய வீரர் ஓட்டியும், "வளைந்து கொடுக்கிறது" என்றே அதற்குப் பெயர். 1983-இல் அமெரிக்காவின் கேனன்டேல் பருத்த குழாயில் அலுமினிய ஃபிரேம் செய்தது. அதற்கோ "முதுகை உடைக்கும் விறைப்பு" என்று பெயர். உலோகம் ஒன்று, புகார் இரண்டு! அப்படியானால் குற்றம் உலோகத்தின் மேலா, குழாயின் அளவின் மேலா?

1986-இல் கிரெக் லெமாண்ட் கார்பன் ஃபிரேமில் டூர் தெ பிரான்ஸ் வென்றார். கார்பன் இழைகளை அடுக்கும் விதத்தால் ஓர் இடத்தை விறைப்பாகவும் இன்னோர் இடத்தை இளக்கமாகவும் செய்ய முடியும். அது உண்மையான சிறப்பு. ஆனால் எந்தப் பொருளானாலும் சைக்கிள் ஃபிரேம் என்பது முக்கோணங்களால் ஆனது. முக்கோணம் மேலும் கீழும் எளிதில் அமுங்காது. ஒரு கல்லில் ஏறும்போது ஃபிரேம் அமுங்குவது நகக்கண் அளவுகூட இருக்காது. அகன்ற டயர் அதைவிடப் பல மடங்கு அமுங்கும்.

பாரிஸ்–ரூபே பந்தயத்தின் கல் பாவிய பாதையில் 1992-இல் வென்ற ஜில்பேர் துய்க்லோ-லசாலும் சைக்கிளின் முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங்போல அமுங்கும் சஸ்பென்ஷனை மாட்டித்தான் வென்றார். 2006-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், எம்போரியா ஊரில், 200 மைல் சரளைப் பந்தயம் தொடங்கியது. கிராவல் சைக்கிள் என்ற தனி வகை பிரபலமாக அதுவும் ஒரு காரணம். இன்று அந்த வகை சைக்கிள்களில் 40, 45 மில்லிமீட்டர் டயர்கள் சாதாரணம். வெலோசியோ சொன்ன இடத்துக்கே உலகம் சுற்றி வந்திருக்கிறது.

எனவே பேரனுக்கு நான் எழுதியது இதுதான்: நல்ல அலுமினிய ஃபிரேமை எடு. மிச்சப் பணத்தில் தரமான அகன்ற டயர் வாங்கு, உன் எடைக்கு ஏற்பக் காற்றைக் குறைத்து ஓட்டு. சீட்டைத் தாங்கும் தண்டை வேண்டுமானால் கார்பனில் போடு, அது நீளமாக வெளியே நிற்பதால் உண்மையிலேயே வளைந்து கொடுக்கும். எடை குறையவேண்டும் என்றால் கார்பன், துருப்பிடிக்காமல் நெடுநாள் உழைக்க டைட்டானியம், உடைந்தால் பற்றவைத்துக்கொள்ள எஃகு. பொருளைத் தேர்ந்தெடுக்க இவை நியாயமான காரணங்கள். இடுப்பு வலி அந்தப் பட்டியலில் இல்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படிக் கேட்டால், "ஃபிரேம் எதில் செய்தது?" என்பதற்கு முன்னால், "இதில் எவ்வளவு அகலமான டயர் போட இடம் இருக்கிறது?" என்று கடைக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள்.