தேசிங்குராஜன் கதையில் அறமும் நீதியும்

திருவிழாக் கடைகளில் வளையலுக்கும் பொரிக்கும் அருகே விற்ற 'பெரிய எழுத்து'ப் புத்தகங்களை இலக்கிய வரலாற்றாசிரியர் பலர் பொருட்படுத்தியதில்லை. மங்கிய விளக்கொளியிலும் ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றிலும் பலர் அமர்ந்து கேட்க ஏற்றவாறு பருத்த எழுத்தில் அச்சான நூல்கள் அவை. விக்கிரமாதித்தன், மதனகாமராஜன், அல்லியரசாணி ஆகியோர் வரிசையில் செஞ்சித் தேசிங்குராஜனும் இடம்பெற்றான். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் அவன் கோட்டையைக் காணாதார் நம் வட்டத்தில் இரார்.

விக்கிரமாதித்தன் கதையில் நீதி எளிது. வேதாளம் வழக்குரைக்கும்; மன்னன் தீர்ப்பளிப்பான்; முடிவில் அவனே வெல்வான். தேசிங்கு கதையோ தோற்றவனைப் பாடுகிறது.

வரலாறு கூறுவது சுருக்கமே. முகலாயர் சார்பில் செஞ்சியை ஆண்ட புந்தேல ராசபுத்திரர் சொரூப்சிங் மறைந்தபின், மகன் தேஜ்சிங் கோட்டையைத் தன் உரிமை என்றான். கப்பப் பாக்கி கேட்டு ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் படையோடு வந்தார். 1714 அக்டோபரில் நிகழ்ந்த போரில் அவ்விளைஞன் மாண்டான். ஏட்டளவில் வழக்கு நவாபின் பக்கமே சாய்கிறது என்பது என் கருத்து. பாக்கி பாக்கிதானே!

கதை மரபோ இதனை வேறு தராசில் நிறுக்கிறது. விடைபெறச் சிங்கவரம் அரங்கநாதர்முன் நிற்கிறான் தேசிங்கு. போக வேண்டாம் என்று தெய்வமே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அக்குடைவரைக் கோயிலில் பள்ளிகொண்ட பெருமாளின் திரும்பிய முகத்தைக் காட்டி இதனை இன்றும் சொல்வர். பிற மாயக்கதைகளில் தெய்வவாக்கை மீறியவன் தண்டிக்கப்படுவான். கேட்போரும் சரியென்று தலையசைப்பர். இங்கே மீறியவன் அழிகிறான். ஆயினும் அவனைக் குற்றவாளி என்று எவரும் கருதுவதில்லை. விளைவு வேறு, நியாயம் வேறு என்று எழுத்தறியாத கேட்போரும் பிரித்துணர்ந்திருக்கின்றனர்.

மணக்கோலத்தை விட்டெழுந்து வந்து நண்பனுக்காக உயிர்துறந்த மகபத்கானுக்கே கதை தன் முதன்மை மரியாதையை வழங்குகிறது. நவாபும் இசுலாமியர், தோழனும் இசுலாமியர். பகை சமயத்தின் வழியே ஓடவில்லை என்பது குறிக்கத்தக்கது. வென்ற நவாபும் கொடியவராகச் சித்திரிக்கப்படவில்லை. மாண்டவனுக்காக அவரும் வருந்துகிறார்.

இத்துணைப் பெருந்தன்மையுள்ள கதை ஒருத்திக்கு மட்டும் நீதி வழங்கவில்லை. தேசிங்கின் மனைவி திரைக்குப் பின்னிருந்து தாம்பூலம் கொடுத்து விடையளிக்கிறாள், பின்னர்த் தீப்பாய்கிறாள். எந்த வழக்கிலும் வாதியாகவோ பிரதிவாதியாகவோ நில்லாத அவளுக்கே கடுமையான தீர்ப்பு. அதனைக் கற்பின் பெருமை என்று கதை கடந்துவிடுகிறது. நாம் அவ்வாறு கடத்தல் இயலாது. தேசிங்கைப் பாட முனையும் நம் கவிஞர்கள் அவன் குதிரையோடு நின்றுவிடாமல் அந்தத் திரைக்கு அப்பாலும் செவிசாய்க்கலாம். அவள் நினைவாக நவாபு அமைத்தது இராணிப்பேட்டை என்பர். அவ்வூர்ப் பெயரில் உள்ளதும் அவள் பட்டமே, பெயரன்று.