சிறுதேரும் ஸ்ட்ரோலரும்



இந்த ஒரு மாதத்தில் உங்களில் நாலு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், பேரப்பிள்ளைக்கு ஸ்ட்ரோலர் வாங்கணும். எட்டாயிரத்துலயும் இருக்கு, முப்பதாயிரத்துலயும் இருக்கு. எதை வாங்கறது?" வகுப்பில் சமூக அறிவியல் நடத்தியவளிடம் விலை கேட்டால் வரலாறுதான் வரும். கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

குழந்தை வண்டி நமக்குப் புதிது இல்லை. நம் காவிரி கடலில் கலக்கும் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலையில் ஒரு காட்சி வருகிறது. பெரிய வீட்டு முற்றத்தில் தானியம் காய்கிறது. கோழி கொத்த வருகிறது. வீட்டுப் பெண் கையில் கிடைத்ததை எறிகிறாள். அது அவள் காதுக் குழை. அந்தக் கனத்த குழை போய் விழுந்து, சிறுவர்கள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கிறது. குதிரை பூட்டாத தேர் என்று புலவர் குறித்துச் சொல்கிறார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனைப் பாடிய நூல் இது. நகரம் எவ்வளவு செல்வம் கொழித்தது என்று காட்டத்தான் இந்தக் காட்சியை வைத்தார். ஆனாலும் எனக்கு அதில் பிடித்தது அந்த மூன்று சக்கரம்தான். நடக்கப் பழகும் குழந்தைக்கு நாம் இன்றும் வாங்கித் தரும் மர நடைவண்டிக்கும் மூன்று சக்கரம்தானே!

இதே புலவர் பெரும்பாணாற்றுப்படையிலும் ஒரு சிறுதேரைக் காட்டுகிறார். உழவர் ஊரில், தச்சர் செய்து கொடுத்த தேர். அதில் ஏறிப் போக முடியாது, உருட்டத்தான் முடியும். தளர்நடைப் பிள்ளைகள் அதை உருட்டிக் களைத்துப்போய், செவிலியிடம் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறார்கள். பின்னால் வந்த பிள்ளைத்தமிழில் ஆண்பாற்குரிய பத்துப் பருவங்களில் கடைசிப் பருவமே சிறுதேர் உருட்டல்தான். வைத்தீசுவரன்கோயில் முருகன் மேல் குமரகுருபரர் பாடிய பிள்ளைத்தமிழிலும் அந்தப் பருவம் உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். நம் வண்டிகளில் குழந்தை உட்காரவில்லை, குழந்தைதான் தள்ளியது. குழந்தையைத் தூக்கிப் போக அம்மாவின் இடுப்பு இருந்தது, தூங்க வைக்கத் தூளி இருந்தது, பாட்டி, அத்தை, சித்தி என்று பத்துக் கைகள் இருந்தன. நம் ராஜகோபாலனே பங்குனியில் வெண்ணெய்த்தாழிக்குத் தவழும் பிள்ளையாகப் புறப்படும்போது பல்லக்கில் தோள்மேல்தான் வருகிறான்.

குழந்தையை உட்காரவைத்து இழுக்கும் வண்டி இங்கிலாந்தில் வந்த கதை வேறு. 1733 வாக்கில் டெவன்ஷயர் பிரபு தம் பிள்ளைகளுக்காக வில்லியம் கெண்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் ஒன்று செய்யச் சொன்னார். சிப்பி வடிவ இருக்கை, பூட்டி இழுக்க ஆடு அல்லது குட்டைக் குதிரை. பிள்ளைகளுக்கு விளையாட்டு, பார்ப்பவர்களுக்குப் பிரபு வீட்டு அந்தஸ்து. விலை உயர்ந்த ஸ்ட்ரோலரின் முதல் பாட்டன் அதுதான்.

ஒரு நூற்றாண்டு கழித்து மனிதர்கள் தள்ளும் வண்டிகள் வந்தன. பெரம்புலேட்டர், சுருக்கமாகப் பிராம். 1877-இல் லீட்ஸ் நகரில் வில்லியம் வில்சன் தொடங்கிய சில்வர் கிராஸ் நிறுவனத்தின் பிராம்கள் பணக்கார வீடுகளில் பேர் வாங்கின. பெரிய சக்கரம், வில் வைத்த அடிப்பாகம், ரதம் மாதிரி கனம். அந்தக் கனம் யாருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் தள்ளியது அம்மா இல்லை, சம்பளத்துக்கு வந்த தாதி. நம் நாட்டில் வெள்ளைக்காரத் துரைமார் பங்களாவில் அதே பிராமை ஆயா தள்ளினாள். அவள் பெற்ற பிள்ளை அந்த நேரம் யார் இடுப்பில் இருந்ததோ!

1889-இல் அமெரிக்காவில் வில்லியம் ரிச்சர்ட்சன் என்ற கறுப்பினத்தவர் ஒரு காப்புரிமை வாங்கினார். குழந்தை படுக்கும் தொட்டியைத் திருப்பி வைக்கலாம். குழந்தை தெருவையும் பார்க்கலாம், தள்ளுகிறவர் முகத்தையும் பார்க்கலாம். இன்று கடைக்காரர் "இருக்கையை ரெண்டு பக்கமும் திருப்பலாம் மேடம்" என்று கூடுதல் விலை சொல்கிறாரே, அது இந்த 1889 யோசனையின் வாரிசு.

கதையின் பெரிய திருப்பம் ஒரு தாத்தாவால் வந்தது. ஓவன் மெக்லாரன் விமானப் பொறியாளர். இரண்டாம் உலகப்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்தவர். அவர் மகள் கைக்குழந்தையோடும் கனமான வண்டியோடும் வெளிநாட்டுப் பயணத்தில் பட்ட பாட்டைப் பார்த்தார். விமானத்துக்குப் பழகிய அலுமினியக் குழாயை எடுத்தார். குடை மாதிரி மடங்கும் வண்டி ஒன்றை வரைந்து, 1965-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1967-இல் விற்பனைக்கு வந்தது. எடை மூன்று கிலோவுக்கும் குறைவு! ஒரு கையில் குழந்தை, மறு கையில் வண்டி, பஸ்ஸில் ஏறலாம். தாதி இல்லாத வீட்டு அம்மாவுக்கு ஏற்ற வண்டி அது.

பிறகு காற்று மறுபடி திரும்பியது. நெதர்லாந்தில் மாக்ஸ் பாரென்புருக் என்ற வடிவமைப்பாளரும் அவர் மைத்துனரும் தொடங்கிய புகாபூ நிறுவனம் 1999-இல் முதல் வண்டியை இறக்கியது. 2002-இல் ஒரு புகழ்பெற்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் அது தலைகாட்டியதும், வண்டி மீண்டும் அந்தஸ்தின் அடையாளமாகிவிட்டது. இன்று இந்தியக் கடைகளில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று நிற்பவை இந்த வம்சம்தான்.

பெரிய பெயர் இருந்தால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்றும் இல்லை. 2009 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் மெக்லாரன் வண்டிகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. மடக்கி விரிக்கும் கீலில் விரல் சிக்கி, 12 குழந்தைகளின் விரல்நுனி துண்டான புகார்கள். கீலை மூட உறை கொடுத்தார்கள். எந்த விலை வண்டியானாலும் விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை எட்ட இருக்கட்டும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். கேள்வி கேட்டவர்களில் ஒருவன் என் பழைய மாணவன், பெயர் வேண்டாம். மகளுக்கு முதல் பிரசவம். எங்கள் பக்கம் பல வீடுகளில் தொட்டில் பெண் வீட்டுச் சீர். அந்தச் சீர்வரிசையில் இப்போது ஸ்ட்ரோலரும் சேர்ந்துவிட்டது. சம்பந்தி வீட்டம்மா ஒரு கம்பெனி பெயரைச் சொல்லி, "அது நல்லா இருக்காம்" என்று மட்டும் சொன்னாராம். அந்த 'ஆம்'-இல் முப்பத்திரண்டாயிரம் ரூபாய் இருக்கிறது. குறுவை போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட வருஷம். மனைவியின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

நான் விலையைக் கேட்கவில்லை. "உன் மகள் எந்த மாடியில் இருக்கா?" என்று கேட்டேன். சென்னையில் இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. சிசேரியன் ஆன பெண். மாப்பிள்ளைக்கு ராத்திரி ஷிஃப்ட். அவன் சொன்ன அந்த வண்டி பத்து கிலோவுக்கு மேல். அதோடு குழந்தை, பை. "தாதி வச்சுத் தள்ளுற வீட்டு வண்டியப்பா அது. உன் மகளுக்கு மெக்லாரன் தாத்தா வழிதான் சரி" என்றேன். அவன் எட்டாயிரத்துச் சொச்சத்தில் ஆறரைக் கிலோ வண்டி ஒன்றை வாங்கினான். சம்பந்தி வீட்டில் முகம் கொஞ்சம் சுருங்கியதாம். சுருங்கட்டும். சங்கிலி வீட்டில் இருக்கிறது. வண்டி மன்னை எக்ஸ்பிரஸில் பர்த்துக்கு அடியில் போய் வருகிறது.

விலை கூடியது எல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. பெரிய சக்கரமும் நல்ல வில்லும் மேடுபள்ளத்தில் குழந்தையைக் குலுக்காது. லிஃப்ட் உள்ள அடுக்ககம், தினமும் பூங்கா நடை, அடுத்தடுத்து இரண்டு பிள்ளை என்றால் கொடுத்த காசு தேறும். கனடாவில் இருக்கும் என் நாத்தனார் மகளுக்குப் பனியில் தள்ளச் சின்னச் சக்கரம் உதவாது. ஆனால் பந்தலடிக் கடைத்தெருவில் பைக்குக்கும் மாட்டுக்கும் நடுவே எந்த வண்டியும் ஒன்றுதான், இடுப்பே மேல். கிராமத்துப் பக்கம் போனால் அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையை நெல் அடைத்துக் காய்கிறது. பட்டினப்பாலைச் சிறுவர்களுக்கு ஒரு குழைதான் மறித்தது!

எது வாங்கினாலும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். தோள், இடுப்பு, கால்நடுவே சேர்த்து ஐந்து முனையில் பூட்டும் பெல்ட் இருக்க வேண்டும். பிரேக்கைப் போட்டுத் தள்ளிப் பாருங்கள், நகரக் கூடாது. கழுத்து நிற்காத பச்சைக் குழந்தைக்கு முழுசாகப் படுக்கும் இருக்கைதான். சாய்ந்து உட்காரும் குடை வண்டி அப்போது ஆகாது. கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டாதீர்கள், குழந்தையை எடுத்த நொடி பின்னால் கவிழும். சித்திரை வெயிலில் வண்டியைத் துணியால் மூடினால் காற்று நின்று உள்ளே சூடு ஏறும். ஒரு கையில் நாலைந்து கிலோ அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மடக்கிப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஸ்ட்ரோலரோடு "இலவசம்" என்று சில இடங்களில் பிளாஸ்டிக் வாக்கர் தருகிறார்கள். குழந்தை நடுவில் உட்கார்ந்து உருளும் அந்த வட்ட வண்டி வேண்டாம். படியில் உருண்டு விழும் விபத்துகளால் கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது. குழந்தை நின்று தள்ளும் நம் மர நடைவண்டி வேறு, அதை வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய நடைவண்டி இருந்தால் இறக்கித் துடைத்து, ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். எந்த ஊர்த் தச்சர் செய்தது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.