முத்துப்பார் மதிப்பீடு

மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் (முத்துக்குளிப்பு) நடத்துவதற்கு முன், கடலடிச் சிப்பிகளின் வயதையும் செறிவையும் முத்து விளைச்சலையும் மாதிரி எடுத்துக் கணிக்கும் முறை. வரப்போகும் சலாபம் எவ்வளவு வலுவானது என்பதை அரசும் வணிகரும் இதைக்கொண்டே முடிவு செய்தனர். தூத்துக்குடி, மணப்பாடு, பெரியதாழை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தென்கடற்கரைக்கு எதிரே உள்ள பார்கள், அதாவது சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகள், இம்முறைக்கு உட்பட்டிருந்தன. தொலாயிரம் பார், மணப்பாட்டுப் பெரிய பார் ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை.

செய்முறை

குளியாளிகள் பாரில் இறங்கிச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து வந்தனர். அவற்றை அழுகவிட்டுக் கழுவி முத்துகளைப் பிரித்தனர். 20 முதல் 1000 துளைகள் வரை கொண்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்தால் முத்துகள் அளவுவாரியாகப் பிரியும். பிறகு மஞ்சாடி என்ற சிறிய எடை அலகில் எடை பார்த்தனர். உயர்ந்த முத்துகளுக்கு ‘செவ்வு’ என்ற கணக்கு இருந்தது. எடையின் வர்க்கத்தை முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பது அதன் அடிப்படை. ஆகவே ஒரே எடையில் குறைவான, பெரிய முத்துகள் இருந்தால் மதிப்பு ஏறும். இறுதியில், ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்ற ஒற்றை எண் கிடைத்தது.

அந்த எண் மட்டும் போதாது. நான்காம், ஐந்தாம் ஆண்டுச் சிப்பியில்தான் விளைச்சல் நன்றாக இருக்கும். அதற்குமேல் காத்திருந்தால் சிப்பிகள் மடியும். திருக்கை மீன்களும் மணல் நகர்வும் ஒரு பாரையே காலியாக்கிவிடக்கூடும்.

வரலாறு

1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்களும், பின்னர் ஆங்கிலேயரும் பார்களை ஆய்வு செய்தபிறகே சலாபம் அறிவித்தனர். 1889இல் தூத்துக்குடியில் நடந்த சலாபத்தைச் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்தார். அங்கே குளியாளிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போனது. சலாபம் தொடங்கியபின் சந்தையின் போக்கைக் காட்டியது இந்த ஏல விலைதான். 1905இல் ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் பார்களைப் பற்றிச் சென்னை அரசுக்கு அறிக்கை அளித்தார்.

1905இன் படிப்பினை

மறுகரையான இலங்கையில் 1905ஆம் ஆண்டுச் சலாபம் சுமார் 8.1 கோடி சிப்பிகளையும் 25 லட்சம் ரூபாய் வருவாயையும் தந்தது. அந்த எழுச்சியை நம்பிச் சிலோன் முத்துக்குளிப்போர் நிறுவனம் 1906 முதல் 20 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்குக் குத்தகை எடுத்தது. 1906இல் சுமார் 6.7 கோடி சிப்பிகள் கிடைத்தன. 1907இல் அது 2.1 கோடியாகச் சரிந்தது. அதன்பின் பார்கள் வறண்டன. 1912இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. உச்ச விளைச்சல் அந்த ஆண்டின் வலிமையைச் சரியாகவே காட்டியது. அடுத்து வளர வேண்டிய இளஞ்சிப்பிகள் போதுமா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

பிற்காலம்

இந்தியக் கரையில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த சலாபங்களே கடைசி. 1973இல் வேப்பலோடையில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சிப்பிகளில் முத்தை வளர்த்துக் காட்டியது.

இன்றைய சந்தையுடன் ஒப்பீடு

பங்குச் சந்தையில் போக்கின் வலிமையை அளக்க அமெரிக்கரான வெல்லஸ் வைல்டர் 1978இல் ஏடிஎக்ஸ் என்ற குறிகாட்டியை வெளியிட்டார். அது 25க்கு மேல் இருந்தால் போக்கு வலுவானது என்பது பொதுவான வழக்கம். விலை ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை அது சொல்லாது. கடந்த நாட்களின் விலையிலிருந்து கணிக்கப்படுவதால் திருப்பத்தைத் தாமதமாகவே காட்டும். எனவே அதனை வேறு அளவைகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும். முத்துப்பார் ஆய்வாளர்கள் ரூபாய்க் கணக்கோடு சிப்பியின் வயதையும் பாரின் நிலையையும் சேர்த்துப் பார்த்ததும் இதே காரணத்தால்தான். அந்த இரண்டாம் பார்வையே இம்முறையின் உண்மையான பலம்.