கொல்லிமலைச் சபையும் ‘மனந்திரும்புதல்’ என்னும் சொல்லும்

கொல்லிமலை என்றவுடன் தமிழ் மாணவர் நினைவில் முதற்கண் தோன்றுவன வல்வில் ஓரியின் கொடையும், கண்டாரை மயக்கும் கொல்லிப்பாவையுமே ஆகும். சங்கச் சான்றோர் பாடிய அம்மலையின் பிற்கால வரலாற்றை, அதிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்குத் தோன்றிய சிறியதொரு கிறித்தவச் சபையின் வரலாற்றை, நம் ஆராய்ச்சியாளர் பெரிதும் நோக்கினாரல்லர். சமய வரலாறு எழுதுவோர் அதனை ஒரு தொண்டர் குடும்பத்தின் வரலாறாகவே எழுதி அமைந்தனர். ஈண்டு ஆராயப் புகுவது அக்குடும்பத்தின் பெருமையன்று. அவர்கள் மலைமேற் கொண்டுசென்ற ஒரு சொல். ‘மனந்திரும்புதல்’ என்னும் அச்சொல், ஊரும் நாடும் கூடி வழக்குத் தீர்க்கும் மரபுடைய மக்களிடையே என்ன பொருள் பெற்றிருத்தல் கூடும் என்பதே வினா.

சொல்லின் வரலாற்றை முதலிற் காண்போம். பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் இக்கருத்தைக் குறிப்பது ‘ஷூவ்’ என்னும் வினை. ‘திரும்பு’ என்பது அதன் நேர்பொருள். வழி தவறியவன் வந்த வழியே மீளுதல் போல்வது அது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லாகிய ‘மெத்தனோயா’ என்பதோ மனத்தின் மாற்றத்தைச் சுட்டும். அதில் வழியும் இல்லை, மீட்சியும் இல்லை. இலத்தீன் மொழிபெயர்ப்பு இதனைப் ‘பெனித்தென்சியா’ என்றாக்கியபோது, செய்த பிழைக்கு நோன்பிருந்து ஈடுசெய்தல் என்னும் பொருள் மேலோங்கிற்று. 1517இல் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 கூற்றுகளில் முதலாவது இச்சொற்பூசலைப் பற்றியதே. விசுவாசியின் வாழ்நாள் முழுதுமே மனந்திரும்புதலாக இருத்தல் வேண்டும், அது குருவின்முன் ஒருகாற் செய்து முடிக்கும் சடங்கன்று என்பது அவர் கொள்கை.

தமிழில் இக்கருத்து அச்சேறியது மிகப் பழங்காலத்திலேயே ஆகும். அண்டிரிக் அடிகளார் எனப்படும் என்றீக்கே என்றீக்கசு முத்துக்குளித்துறைப் பரதவர்க்கென ஆக்கிய ‘கொம்பெசியொனாயரு’ 1580இல் வெளிவந்தது. அது பாவ அறிக்கைக்கு வழிகாட்டும் நூல். கத்தோலிக்கர் வழக்கில் பாவசங்கீர்த்தனம், மனஸ்தாபம் என்னும் சொற்கள் நிலைபெற்றன. இவற்றுள் முன்னையது பாவத்தை வாய்விட்டு உரைத்தலையும், பின்னையது நெஞ்சு வேதலையும் குறிக்கும். மனஸ்தாபம் என்பது இன்று பேச்சுவழக்கில் இருவரிடையே உண்டாகும் பிணக்கைக் குறிக்கின்றது. இப்பொருட்பிறழ்ச்சி வியப்புக்குரியது, இதனை மீண்டும் நோக்குவோம். சீர்திருத்தச் சபையார் வழக்கில் வேரூன்றியது ‘மனந்திரும்புதல்’. 1871இல் முற்றுப்பெற்ற பவர் திருத்தத்தின் வாயிலாக அது பட்டிதொட்டியெங்கும் பரவிற்று. எபிரேயத்தின் ‘திரும்பு’ம் கிரேக்கத்தின் ‘மன’மும் ஒரு தொகையில் இணைந்த இச்சொல்லினும் பொருத்தமான மொழிபெயர்ப்பு ஐரோப்பிய மொழிகளிற் கிடைத்தல் அரிது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு ‘மனம் மாறு’ என்னும் வழக்கைக் கொண்டது. எளிமை நோக்கி அது பாராட்டத்தக்கதாயினும், மாறுதலும் திரும்புதலும் ஒன்றல்ல. மாறுபவன் புதிதொன்றை அடைகின்றான். திரும்புபவனோ முன்பு விட்ட ஓரிடத்தை அடைகின்றான். இவ்வேறுபாடு நூலறிவினர்க்கே உரிய நுட்பம் என்று தள்ளற்பாலதன்று. கொல்லிமலையில் அஃது ஒரு குடும்பத்தின் உறவையும் உணவையும் தொட்ட வேறுபாடாகும்.

அம்மலை கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுடையது. முன்னர்ச் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்து, 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. அங்கு வாழும் மலையாளிகள் கேரளத்தாரல்லர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் தமிழ்மக்கள். வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, சேலூர்நாடு, அரியூர்நாடு எனப் பல நாடுகளாக மலை பகுக்கப்பட்டுள்ளது. ஊர்க்கவுண்டரும் நாட்டாரும் பட்டக்காரரும் கூடி வழக்குத் தீர்த்தலும், குற்றம் புரிந்தவனுக்குத் தண்டம் விதித்தலும், பெரும்பிழை செய்தவனை விலக்கிவைத்தலும், அவன் தண்டமிறுத்துப் பணிந்தபின் மீண்டும் சேர்த்துக்கொள்ளுதலும் அவர்தம் மரபு. தர்ஸ்டன் 1909இலும் ரிச்சர்ட்ஸ் 1918இலும் வெளியிட்ட நூல்களில் இம்மக்களின் வழக்கங்கள் விரித்துரைக்கப்பட்டுள்ளன. ஆகவே, பிழை செய்தவன் திரும்பிவருதல் என்பது மலைக்குப் புதிய கருத்தன்று. புதியது யாதெனின், தண்டமின்றித் திரும்பலாம் என்பதே.

இங்குப் பழந்தமிழ்ச் சொல்லொன்றை நினைவுகூர்தல் தகும். புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார், கொடும்பாவங்களுக்கும் ‘கழுவாய்’ உண்டு, செய்ந்நன்றி கொன்றார்க்கோ உய்வில்லை என்னும் அறநூற் கருத்தை எடுத்தாள்கின்றார். கழுவாய் என்பது செய்து தீர்ப்பது, கறையைக் கழுவுவது. மலையின் தண்டமும் அவ்வினத்ததே. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தபின் மனம் எவ்வாறிருப்பினும் ஊர் வினவுவதில்லை.

இத்தகைய மலைக்கு ஜெஸ்ஸி பிராண்ட் வந்தார். 1861இல் இங்கிலாந்தில் தோன்றிய ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சார்ந்த அவர், 1907இல் இந்தியா போந்து, மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்திலிருந்து மலையேறி ஊழியம் செய்தார். 1913இல் ஈவ்லின் அம்மையாரை மணந்து, இருவரும் மலைமேற் குடியேறினர். மருத்துவமும் தச்சும் பள்ளியும் தோட்டமும் அவர்தம் பணிகளாயின. நரம்புச்சிலந்தி நோயால் வருந்தியவர்க்கு மருத்துவம் செய்ததோடு, நீர்நிலைகளைக் காக்கும் முறையையும் அவர் கற்பித்தார். ஆயினும் ஆண்டுகள் சில கழிந்தும் அவருடைய போதனையை ஏற்று ஒருவரும் முன்வந்திலர். கோயிற் பூசாரியின் எதிர்ப்பே அதற்குப் பெருந்தடை என அவ்வரலாறு எழுதினோர் குறிப்பர்.

அப்பூசாரியே காய்ச்சலுற்று மரணப்படுக்கையில் வீழ்ந்தபோது, அஞ்சிய அயலார் அணுகிலர். பிராண்ட் இணையர் சென்று பேணினர். இறக்குந் தறுவாயில் தம் பெண்மகவை அவர்கள் கையில் ஒப்புவித்து அவர் உயிர்நீத்தார். அதன் பின்னரே மக்கள் சிலர் புதுநெறியை நாடினர் என்பது வரலாறு. பக்திநூல்கள் இந்நிகழ்ச்சியைப் பூசாரியின் மனந்திரும்புதல் என எளிதிற் கூறிச் செல்லும். எமக்கு அஃது அத்துணை எளிதாகத் தோன்றவில்லை. அவர் தம் பாவங்களை உரைத்தார் என்பதனினும், தம் குழந்தையை ஒப்படைத்தார் என்பதே உறுதியான செய்தி. தெய்வம் எது என்னும் வழக்கைக் காட்டிலும், மகவைக் காப்பவர் யார் என்னும் வினாவே அவருக்கு முன்னின்றது. பின்வந்தோரை மலைவாசல் திறந்து அழைத்ததும் பாவத்தைப் பற்றிய சொற்பொழிவன்று. அவர்கள் கண்ட பேணலே. ஆலத்தூர் கிழாரின் மொழியிற் கூறின், கழுவாய் தேடி வந்தவரல்லர் அவர். செய்ந்நன்றி அறிந்து வந்தவர். நன்றியால் வந்தது மெய்யான மனந்திரும்புதலாகுமோ எனச் சமயவாணர் ஐயுறலாம். ஆயின் பிறர் செய்த நன்மையைக் கண்டு தன் நிலையை நோக்குதல் மனமாற்றத்தின் புறத்ததாகக் கொள்ளற்கியலாது. இரண்டையும் வெட்டிப் பிரித்தல் நூலறிவினர் செயல். வாழ்வில் அவை ஒன்றே.

இனிச் சபையின் அன்றாட வாழ்வை நோக்குவோம். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்டுகள் கால்வினியக் கோட்பாட்டினர். மனந்திரும்புதல் மனிதன் செலுத்தும் விலையன்று, இறைவன் அருளும் கொடை என்பது அவர்தம் உறுதி. குழந்தைகட்கு ஞானஸ்நானம் அளித்தலை அவர்கள் ஏலார். அறிவு வந்தவன் தன் விசுவாசத்தைச் சபைமுன் அறிக்கையிட்டு நீரில் மூழ்கி எழுதல் வேண்டும். அவ்வாறு முழுக்குப் பெற்றோரே கர்த்தருடைய பந்தியில் அமர்தற்குரியர். ஒழுக்கந் தவறியவனைச் சபை கூடி விசாரித்துப் பந்தியினின்று நிறுத்திவைத்தலும், அவன் மனந்திரும்பியது கண்டு மீளச் சேர்த்தலும் அம்மரபின் ஒழுங்கு.

மலைமகன் ஒருவன் இதனைக் கண்டு என் எண்ணியிருப்பான்? அவன் கண்ணுக்கு இது ஊர்க்கூட்டமே. கூடுகின்றனர், விசாரிக்கின்றனர், விலக்குகின்றனர், சேர்க்கின்றனர். வேற்றுமை ஒன்றே, இங்குத் தண்டப்பணம் இல்லை. அப்பணம் இன்மையே அவனைத் திகைக்கவைக்கும். தண்டம் இறுத்தவனுக்கு வழக்கு முடிந்தது. பிறர் வாய் அடங்கிற்று. தண்டம் இல்லாத கூட்டத்திலோ, திரும்பியவன் திரும்பினானா என்பதை எதனாற் காட்டுவது? மறுவாரமும் அதற்கடுத்த வாரமும் அவன் நடக்கும் நடையாலேயே காட்ட வேண்டும். லூத்தர் வாழ்நாள் முழுதும் என்றது ஏட்டிலிருந்து ஊரின் சந்துகளுக்கு இறங்கியது இவ்வாறே எனலாம். இதனால் ஓர் ஆபத்தும் உண்டு. பணம் வாங்காத கூட்டம் கண்ணீரை வாங்கத் தொடங்கின், கண்ணீரே புதிய தண்டமாகிவிடும். இவ்வாபத்து எல்லாத் தமிழ்ச் சபைகட்கும் பொது.

‘திரும்பு’ என்னும் வினை மலையில் இருபுறமும் இழுத்தது என்பதனையும் கருதுக. புதுநெறி புக்கவன் தன் உறவினரின் பகையை ஏற்றான். அவர்கள் நோக்கில் அவன்தான் விலகியவன். தண்டமிறுத்துத் திரும்பிவருக என ஊரும், மனந்திரும்புக எனச் சபையும், ஒரே வினையால் அவனை அழைத்தன. ஒன்றன் திரும்புதல் மற்றதன் பிறழ்வாயிற்று. ஆடிப் பதினெட்டில் அறப்பளீசுவரர் கோயிலுக்கு உறவினரோடு செல்லுதல், மூதாதையர் படையலில் அமர்தல் ஆகியவற்றைச் சபை பாவமெனக் கொண்டபோது, அவனுக்கு அவை உறவின் கடமைகளாயிருந்தன. மணமுறிவும் மறுமணமும் மலையில் ஊரறிய நிகழ்ந்த வழக்கங்கள். சபைக்கு அவை பெருஞ்சிக்கல். எதனின்று திரும்புவது என்பதைச் சொல்லாமல் திரும்புக என்று மட்டும் கூறுதல் இயலாது. அதனைச் சொல்லப் புகும்போதோ, இறைவன் கட்டளை எது, இலண்டன் நகர வழக்கம் எது எனப் பிரித்தறிதல் போதகர்க்கே அரிது. முதல் தலைமுறையினர்க்குப் பொருந்திய சொல் ‘மனம் மாறுதல்’ என்பதே. அவர்கள் முன்பு இருந்திராத ஓரிடத்திற்குச் சென்றவர்கள். சபையிற் பிறந்து வளர்ந்த அவர்தம் மக்கட்கே ‘திரும்புதல்’ முழுப்பொருள் தந்தது. அவர்க்குத்தான் விட்டுப்போக ஒரு வீடு இருந்தது.

முன்னர்க் கூறிய மனஸ்தாபத்தின் இரு பொருளும் இங்கு வந்து கூடுகின்றன. காணிக்கை செலுத்த வந்தவன் சகோதரனோடு பிணக்குண்டென உணரின், முதலிற் சென்று ஒப்புரவாக வேண்டும் என்பது மத்தேயு சுவிசேஷத்தின் கட்டளை. சில வீடுகளே உள்ள சபையில் இதனினும் கடினமான கட்டளை வேறில்லை. வரப்புச் சண்டையும் கடன்வழக்கும் உடையவன் அடுத்த வீட்டானே. பந்தியில் அருகமர்பவனும் அவனே. நகரச் சபைகளில் ஞாயிறுதோறும் ஒருமித்துப் படிக்கும் பொதுப் பாவஅறிக்கைக்குப் பின் ஒருவன் தன் பகைவனைக் காணாமலே வீடு செல்லலாம். மலையில் அது கூடாது. ஆகவே அங்கு மனந்திரும்புதல் என்பது, பெரும்பாலும், இருவரிடையே இருந்த மனஸ்தாபம் நீங்கிற்று என்பதன் மறுபெயராகவே விளங்கியிருத்தல் வேண்டும்.

ஜெஸ்ஸி பிராண்ட் 1929 ஜூன் 15இல் கடுங்காய்ச்சலால் மறைந்தார். மலையிற் பிறந்த அவர் மகன் பால் பிராண்ட் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்ப்படுத்தும் அறுவை மருத்துவராய்ப் புகழ்பெற்றார். ஈவ்லின் அம்மையார் முதுமை காரணமாக மிஷன் பணியினின்று ஓய்வுபெற்றபின், 1947இல், 68ஆம் வயதளவில், எவர் அனுப்புதலுமின்றித் தாமே கொல்லிமலைக்குத் திரும்பினார். மட்டக்குதிரைமீது ஊர்ஊராய்ச் சென்று, பச்சைமலை, கல்வராயன்மலை முதலிய பிற மலைகளிலும் பணியாற்றி, 1974 டிசம்பர் 18இல் 95ஆம் வயதில் உயிர்நீத்தார். கணவரின் கல்லறைக்கு அருகில் மலைமேலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.