கணிதக் கட்டுரைக்கு அருகில் ஒரு வாசகர்

1845ஆம் ஆண்டின் இறுதியில் பம்பாயிலிருந்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கணிதக் கட்டுரை போய்ச் சேர்ந்தது. எழுதியவர் ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன், கிழக்கிந்தியக் கம்பனியின் கடற்படைப் பயிலுநர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஸ்கொட்லாந்துக்காரர். வாயு என்பது ஓயாமல் ஓடி மோதிக்கொள்ளும் துகள்களின் கூட்டம், அதன் வெப்பநிலை அத்துகள்களின் வேகத்தின் வர்க்கத்தோடு கூடிக் குறையும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். மதிப்பிட்ட இருவரில் ஒருவர் அது வெறும் பிதற்றல் என்று எழுதினார். கட்டுரை அச்சேறவுமில்லை, திரும்பி வரவுமில்லை. சங்கத்தில் வாசிக்கப்பட்ட கட்டுரை சங்கத்துக்கே உரியது என்பது அன்றைய விதி. வாட்டர்ஸ்டன் தன்னிடம் ஒரு படிகூட வைத்திருக்கவில்லை. 1860இல் மாக்ஸ்வெல் வாயுக்களின் இயக்கவியலை எழுதிப் பெயர் பெற்றபோதும் அந்தத் தாள்கள் சங்கத்தின் ஆவணக் கட்டில்தான் கிடந்தன. 1891இல் ரேலி பிரபு அவற்றைத் தேடி எடுத்து, அடுத்த ஆண்டு தன் முன்னுரையோடு அச்சேற்றினார். அதற்குள் வாட்டர்ஸ்டன் மறைந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இதை ஒரு மோசமான மதிப்பாய்வாளரின் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். பெயரில்லாத இளைஞர் முதலில் சிறிய கட்டுரைகளால் நம்பிக்கை பெற்றுவிட்டுப் பிறகு பெரியதைத் தொடவேண்டும் என்பது ரேலி எடுத்துக்கொண்ட பாடம். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. அந்தக் கட்டுரை கப்பலேறும் முன் பம்பாயில் அதை வரிவரியாகப் படித்து, இந்த இடம் புரியவில்லை, இந்தப் படி விடுபட்டிருக்கிறது என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. கணிதக் கட்டுரை எழுதி முடித்தபின் அனுப்பப்படும் பொருளன்று. எழுதியவருக்கும் முதல் வாசகருக்கும் இடையிலான போக்குவரத்தில்தான் அது கட்டுரையாகிறது. அந்த வாசகர் கூப்பிடு தூரத்தில் இருந்த இடங்களில் கணிதம் தழைத்தது. இல்லாத இடங்களில் திறமை இருந்தும் அது தற்செயலை நம்பிக் கிடந்தது.

இதற்கு மிக வலுவான சான்று சென்னையில் இருக்கிறது. 1907இல் வி. ராமசுவாமி ஐயர் தொடங்கிய சங்கம் பின்னர் இந்தியக் கணிதச் சங்கம் ஆனது. அதன் ஆய்விதழ் 1909இல் வெளிவரத் தொடங்கியது. பதிப்பாசிரியர் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிப் பேராசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார். 1911இல் பெர்னூலி எண்களைப் பற்றி இராமானுஜன் எழுதிய முதல் கட்டுரை அவரிடம் வந்தது. முறைகள் புதியவை, எழுத்து இறுகியது, சாதாரண வாசகரால் பின்தொடர முடியாதது. ஐயங்கார் அதைத் தள்ளிவிடவில்லை. பெங்களூருக்கும் சென்னைக்கும் இடையே கைப்பிரதி மும்முறை போய்வந்த பிறகே அச்சானது. அச்சில் இருப்பதையும் பார்க்கவேண்டும்: எட்டுத் தேற்றங்கள். மூன்றுக்கு நிறுவல் சுட்டப்பட்டிருக்கிறது. இரண்டு பிற தேற்றங்களிலிருந்து வருபவை. மூன்று வெறும் ஊகங்கள். இன்ன இடத்தில் நிறுவல் உண்டு, இன்ன இடத்தில் இல்லை என்று பிரித்து வைக்கும் நேர்மையும் ஒரு கட்டுரையின் உறுப்புத்தான். துறைமுகக் கழகத்தில் இராமானுஜனுக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் இதே சங்கத்தின் பொருளாளர். மாலை வேளைகளில் சிலேட்டோடு உடன் உட்கார்ந்து, உங்கள் இரண்டு வரிகளுக்கு நடுவே எனக்காக இன்னும் பத்து வரி எழுதுங்கள் என்று அவர் இராமானுஜனிடம் வற்புறுத்தியதாகச் சொல்வார்கள். நாராயண ஐயங்காரையும் நாராயண ஐயரையும் இராமானுஜனின் வாழ்க்கையில் துணைப்பாத்திரங்களாகக் கடந்துவிடுவது நியாயமல்ல.

மேதையை எப்படியும் உலகம் கண்டுகொள்ளும், 1913இல் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி இராமானுஜனைக் கண்டுகொள்ளவில்லையா என்று கேட்கலாம். ஹார்டிக்கு முன் கேம்பிரிட்ஜில் வேறு இருவருக்கு எழுதிப் பயனில்லாமற்போனதை இந்தக் கேள்வி மறந்துவிடுகிறது. 1912இல் லண்டன் பேராசிரியர் ஹில் அனுப்பிய பதிலில், விரிதொடர்களில் சறுக்கியிருப்பதைச் சுட்டி, விளக்கப்படாத குறியீடுகளைப் பயன்படுத்தக்கூடாது என்ற அறிவுரை இருந்தது. சரியான அறிவுரைதான். ஆனால் கடிதத்தோடு அது நின்றுவிட்டது. மும்முறை போய்வரும் பொறுமை கடல் கடந்து எளிதில் வருவதில்லை. ஹார்டியின் துணை கிடைத்த பிறகும் வெளியிடத்துத் தடைகள் வெளியிடத்துக் காரணங்களாலேயே வந்தன. 1915இல் லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பணமுடை. அதனால் உயர்பகு எண்கள் பற்றிய நீண்ட கட்டுரையின் ஒரு பகுதி வெட்டப்பட்டது. அந்தப் பகுதி ஓர் ஆய்விதழில் வெளிவந்தது 1997இல்தான்.

ராயல் சொசைட்டியில் இன்னொரு வழக்கமும் இருந்தது. உறுப்பினர் அல்லாதவரின் கட்டுரையை உறுப்பினர் ஒருவர் கையேற்று முன்வைக்க வேண்டும். 1990 வரை இது நீடித்தது. சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே வானியற்பியலாளர் சந்திரசேகர், காம்ப்டன் சிதறலைப் புதிய புள்ளியியலோடு இணைத்து எழுதிய கட்டுரையை, முன்பின் அறியாத சங்க உறுப்பினர் ஆர். எச். ஃபவுலருக்கு அனுப்பினார். ஃபவுலர் சொன்ன திருத்தங்களோடு அது 1929இல் சங்கத்தின் இதழில் வந்தது. இந்த வழக்கத்தில் இரண்டு வேறு காரியங்கள் ஒன்றாய்ப் பிணைந்திருந்தன. ஒன்று சிபாரிசு, அது ஒழிந்தது நல்லது. மற்றது, பொறுப்பேற்ற ஒருவர் முழுக்கப் படித்துத் திருத்தம் சொல்வது. சிபாரிசோடு அதுவும் சேர்ந்து போய்விட்டது. வாசகர் அருகில் இருப்பதும் விலகிப்போவதும் என்ன செய்யும் என்பதை இலங்கையிலும் பார்க்கலாம். வட இலங்கையில் 1918இல் பிறந்து ஹாட்லிக் கல்லூரியில் படித்த சி. ஜே. எலியேசர், கதிர்வீச்சின் தாக்கத்தைக் கணக்கில் எடுத்தால் ஐதரசன் அணுவின் இலத்திரன் கருவில் போய் விழாது என்று காட்டிய கட்டுரையைக் கேம்பிரிட்ஜ் தத்துவச் சங்க இதழில் 1943இல் வெளியிட்டபோது, டிராக்கின் மாணவராகக் கேம்பிரிட்ஜிலேயே இருந்தார். 1949இல் இலங்கைப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியரானார். பத்து ஆண்டுகளில் மலாயாவுக்கும் பிறகு அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார். அப்படிப்பட்டவர் போகும்போது அடுத்த தலைமுறையின் முதல் வாசகரும் போய்விடுகிறார்.

இன்று அந்தக் கதவெல்லாம் திறந்துவிட்டதே என்பது அடுத்த மறுப்பு. இலங்கையில் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே நாலந்தாவில் வீடுள்ள ஒரு பட்டதாரி, லாடெக் மென்பொருளில் தட்டச்சிட்டு, சுருக்கம் எழுதி, துறை வகைப்பாட்டு எண் இட்டு, பதிப்பாசிரியருக்கு ஒரு கடிதமும் சேர்த்து, எந்த நாட்டு இதழுக்கும் ஒரு மாலையில் பதிவேற்றலாம். உண்மைதான். ஆனால் இதழில் வருமுன்பே கட்டுரைகளை இடும் ஆர்க்கைவ் தளத்தில் முதன்முறை கட்டுரை இடுபவரிடம் 2004 முதல் ஏற்கெனவே எழுதிவரும் ஒருவரின் ஒப்புதல் கேட்கப்படலாம். பழைய சிபாரிசு அங்கே வேறு உருவில் நிற்கிறது. பெரிய இதழ்களில் ஏராளமான கட்டுரைகள் மதிப்பாய்வாளரைச் சேராமல் பதிப்பாசிரியரின் மேசையிலிருந்தே திரும்புகின்றன. திருப்பும் கடிதம் இரண்டு வரி. நாராயண ஐயங்கார் செய்ததை எந்த மென்பொருளும் செய்வதில்லை.

நாலந்தாவை நான் சும்மா இழுக்கவில்லை. பிரயோக கணிதத்துக்கு அது கண்முன் கிடக்கும் களம். பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் சுரங்கம் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து, சுது கங்கையில் இறங்கி, அம்பன் கங்கையின் போவத்தென்ன நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. அந்த நீர்த்தேக்கத்துக்காகத்தான், பல்லவர் காலக் கோயில்களின் சாயலுள்ள நாலந்தா கெடிகேயைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மறுபடி கட்டினார்கள். போவத்தென்னையில் நீர் இரண்டாகப் பிரிகிறது: ஒரு பங்கு சுரங்கத்தால் கலாவெவப் பக்கம், மறுபங்கு ஆற்றோடு கீழிறங்கி எலஹெர அணை வழியாக மின்னேரியாப் பக்கம். மழை நிச்சயமற்றது, மின்சாரமும் வேண்டும், இரண்டு பக்கமும் நெல்வயல்கள். எந்த மாதம் எந்தப் பக்கம் எவ்வளவு விடுவது என்பது உகப்பாக்கக் கணிதத்தில் நல்ல வலுவான வினா. வெளிநாட்டு மதிப்பாய்வாளர், கணிதத்தில் இதில் புதிது என்ன என்று கேட்பார். அது நியாயமான கேள்வி. நெற்பருவங்களான பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் உள்ள வேறுபாடு மாதிரியில் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கமாட்டார். கேட்பதற்கு அவருக்குத் தெரியாது. சமன்பாட்டையும் வாய்க்காலையும் அறிந்த ஒருவர் முன்னதாகவே படித்திருந்தால் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லும் கட்டுரையாக அது புறப்படும்.

உள்ளூர் இதழ் என்றால் தரம் இறங்கும், வெளியே யாரும் படிக்கமாட்டார்கள் என்ற அச்சம் வெறும் கற்பனையல்ல. நண்பர்களின் கட்டுரைகளை நண்பர்களே ஏற்கும் இதழ்கள் எந்த நாட்டிலும் உண்டு. ஆனால் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழ் இராமானுஜனுக்கு இலண்டனுக்கு மாற்றாக இருக்கவில்லை. இலண்டனுக்குப் போக எழுதப் பழகிய இடமாக இருந்தது. அதில் வந்த கேள்விகளும் கட்டுரைகளும்தான் சென்னையில் அவருக்குப் பெயர் தந்தன. சந்திரசேகரே பின்னாளில் 1952 முதல் 1971 வரை அமெரிக்காவின் வானியற்பியல் இதழைத் தன் கையில் வைத்து நடத்தினார். அந்த அளவு அறிஞர் பிறர் எழுத்தைப் படித்துத் திருத்துவதில் பத்தொன்பது ஆண்டுகளைச் செலவிட்டார் என்றால் அது இரண்டாந்தர வேலையாக இருக்க முடியாது. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் அந்த வேலைக்குத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அதற்கான நேரமும், சக ஆசிரியரின் கைப்பிரதியை மூன்று முறை படித்துத் திருப்பியதையும் ஆய்வுப் பணியாகக் கணக்கில் எடுக்கும் ஒரு பதவி உயர்வு விதியும்.